சும்மாப் பெட்டி

இப்போதெல்லாம் எவனும் தன் வாயால் பேசுவதுமில்லை, தன் கையால் எழுதுவதுமில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிடவும் மிஷின் எழுதுகிறது, வர முடியாது என்று சாக்குச் சொல்லவும் மிஷின் எழுதுகிறது. போன மாதம் வேதையனின் சம்பந்தி வீட்டில் ஒரு சாவு. இரங்கல் கடிதம் நானூறு வந்ததாம். நானூறிலும் 'ஈடுசெய்ய இயலாத இழப்பு' என்று அதே வரி. சுடுகாட்டுக்கு வந்தது பதினோரு பேர். அதிலும் இரண்டு பேர் வழி தவறி வந்தவர்கள்.

இதைச் சொல்லித் திட்டாமல் வேதையன் ஒரு நாளும் டீ குடித்ததில்லை. நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் மரைக்காயர் ஐஸ் பிளாண்டில் நாற்பத்திரண்டு வருஷமாக மிஷின் ஓட்டுகிறவர். படிப்பு மூணாங்கிளாஸ். வானிலை அறிக்கையை நம்ப மாட்டார், டாக்டரின் மாத்திரையை நம்ப மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, இலவசமாக வருகிற எதையும் நம்ப மாட்டார். 'சும்மா குடுக்குறான்னா எங்கயோ கை வைக்கப் போறான்' என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சிக்கு முதல் எதிரி, கம்ப்ரஸருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த பச்சைப் பெட்டி. அமோனியா கேஸ் எங்கே கசிகிறது, ஐஸ் அச்சுகள் முங்கிக் கிடக்கும் தொட்டியின் உப்புத்தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, மோட்டார் சூடாகிறதா என்றெல்லாம் பார்த்துக்கொள்கிற பெட்டி. அதற்குள்ளே ஓடுகிற மென்பொருளை எவனோ வெளிநாட்டுக்காரன் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உலகத்துக்கே விட்டுவிட்டான். முதலாளி மகள் மெஹருன்னிசா ஐந்து வருஷத்துக்கு முன்னால் அதைக் கொண்டுவந்து மாட்டினாள். வேதையன் அன்றைக்கே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்: சும்மாப் பெட்டி.

இரண்டு ஊர்களில் கேஸ் கசிந்து ஆள் செத்த பிறகு சட்டம் வந்துவிட்டது. பெட்டி சரி என்று சொல்லாமல் கம்ப்ரஸர் மோட்டார் சுற்றக் கூடாது. பெட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவிலுள்ள இணைப்பில் அரசாங்க சீல். அதை உடைத்தால் பிளாண்டையே பூட்டிவிடுவார்கள்.

அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிய நான்கு நாள் இருந்தது. இரண்டு மாதமாகக் கரையில் கிடந்த அறுபத்திரண்டு விசைப்படகும் பதினைந்தாம் தேதி விடிகாலை ஒன்றாகக் கடலுக்குப் போகும். போன படகு திரும்ப ஒரு வாரம் ஆகும். அடியில் ஐஸ் இல்லாமல் போனால், பிடித்த மீன் கரைக்கு வரும்போது கருவாட்டுக்குக்கூட ஆகாது. பதினோராம் தேதி காலை வேதையன் குளித்துவிட்டு வந்து, வழக்கம்போல மிஷினுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, சுவிட்சைப் போட்டார்.

பெட்டி ஒரு தடவை கீச்சென்றது. திரையில் 'பிழை 41. உதவிக்கு எழுதவும்' என்று வந்தது. அவ்வளவுதான், படுத்துவிட்டது.

பதின்மூன்றாம் தேதி முற்பகல் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

"என்ன வேதையா, எருமையாட்டம் படுத்துக்கிச்சா உன் மிஷினு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான் அஞ்சப்பன். நான்கு படகுக்குச் சொந்தக்காரன், கூடவே வாயாடி.

"எருமைன்னா வால முறுக்கி எழுப்பிருவேன்டா. இது வாலில்லாத சாதி."

"வெளயாட்டு இல்ல. மத்தியானத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லு. இல்லாட்டி காரைக்கால் பக்கம் பிளாண்டுக்குச் சொல்லிருவோம். ஒருத்தன் போனா எல்லாரும் அங்கதான் போவான்."

வேதையன் ஐஸ் தொட்டிப் பக்கம் போனார். தொட்டியின் மரப்பலகையைத் தூக்கி, விரலை உப்புத்தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பு. ஒரு பார் ஐஸ் இறுக ஒன்றரை நாள் வேண்டும். இன்றைக்கு மத்தியானம் மிஷின் ஓடினால் உண்டு. ஓடாவிட்டால் படகுகள் காரைக்கால் போகும். ஒரு தடவை போன படகு திரும்பி வராது. முதலாளி மரைக்காயர் ஏற்கனவே பிளாண்டை விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற ஆள். விற்றால், வாங்குகிறவன் இங்கே குடோன் கட்டுவான். வேதையனையும் பதினெட்டுக் கூலியாட்களையும் குடோனில் எவன் வைத்துக்கொள்வான்?

ஆபீஸ் அறையில் மெஹருன்னிசா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஏம்மா, அந்தப் பெட்டிக்காரன் என்ன சொல்றான்?"

"அவங்ககிட்ட போய்ச் சேர்ந்தாத்தானே மாமா சொல்லுவாங்க."

"உதவிக்கு எழுதுன்னுதானே போட்டிருக்கான்?"

"எழுதாமயா இருக்கேன்? முதல்ல இணையத்துல பொது மன்றத்துல கேட்டேன். ஒரு நிமிஷத்துல நாப்பது பதில். எல்லாம் மிஷின் எழுதினது. ஒண்ணு சிவப்பு ஒயரையும் கருப்பு ஒயரையும் சேர்த்து முறுக்கச் சொல்லுது."

"நேத்து நீ ஸ்குரூ டிரைவரோட வந்தியே, அதுக்குத்தானா? நல்லவேளை தடுத்தேன். கூரையோட போயிருப்போம்."

"இன்னொண்ணு, 'நாங்கதான் உங்க பெட்டியச் செஞ்சவங்க, உடனே பணம் அனுப்புங்க'ன்னு. அதே மாதிரி எண்பது வந்திருக்கு."

"பாத்தியா! நான் சொன்னேன்ல?"

"அது அவங்க இல்ல மாமா. வேற ஃபிராடு. அந்த மென்பொருள நிஜமா எழுதினது ஒரே ஒரு ஆள். அவங்களுக்கு ஒரு நாளைக்கு அறுபதாயிரம் கடிதம் வருதாம், எல்லாம் குப்பை. இல்லாத பிழையச் சொல்லி மிஷினே புகார் எழுதுது. அதுக்கு இன்னொரு மிஷின் மருந்து விக்குது. தாங்க முடியாம வாசல்ல ஒரு சல்லடை கட்டிட்டாங்க. மனுஷன் எழுதினாத்தான் உள்ள விடும்."

"நீ மனுஷிதானே?"

மெஹருன்னிசா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பினாள். வரிசையாகப் பதினேழு வரிகள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'இது மனிதர் எழுதியதாகத் தெரியவில்லை.'

"பதினாறு கடிதம் எழுத்து மிஷின வச்சு எழுதினேன், சரி. கடைசிக் கடிதம் நானே எழுதினேன் மாமா. உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தா, என் கையால. அதையும் மிஷினுங்குது." திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஸ்கூல்லேர்ந்து அத வச்சுத்தான் எழுதிக்கிட்டிருக்கேன். எனக்கே வேற மாதிரி எழுத வரல. நான் எழுதினாலும் அது மாதிரியேதான் வருது."

நேற்றிலிருந்து இந்தப் பெண் சாப்பிடவில்லை என்று வேதையனுக்குத் தெரியும். பாவாடை சட்டையோடு ஐஸ் சில்லைத் திருடித் தின்ன வந்த காலத்திலிருந்து பார்க்கிறார். அந்தக் கடைசிக் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். 'தங்கள் மேலான கவனத்திற்கு' என்று தொடங்கியது. 'எமது நிலையத்தில் எவ்வித மாற்றமும் செய்யப்படவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று போய்க்கொண்டே இருந்தது.

"நிறுத்து. எனக்கே எவனோ ஃபிராடு எழுதின மாதிரிதான் இருக்கு. பேப்பர் குடு."

"மாமா, நீங்களா..."

"குடுன்னேன்."

டோக்கன் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். பால்பாயிண்ட் பேனாவை உளி பிடிப்பதுபோலப் பிடித்து, மேஜையில் கவிழ்ந்து எழுதினார். இருபது நிமிஷம் ஆனது. நடுவில் இரண்டு தடவை அஞ்சப்பன் எட்டிப் பார்த்து, "என்ன, உயில் எழுதுறியா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மெஹருன்னிசா அதைப் படம் பிடிப்பதற்கு முன் படித்தாள்.

'பெட்டி செஞ்சவனுக்கு. நான் வேதையன், நாகப்பட்டினம், ஐஸ் மிஷின் ஓட்டுறவன். நலமான்னு கேக்க மாட்டேன், நீ யாருன்னே எனக்குத் தெரியாது. பெட்டிய சும்மா குடுத்த. உன்ன யாரு கேட்டா? அஞ்சு வருசம் ஓடிச்சு, இப்ப ஓடல. முந்தாநாள் காலையில சந்தனம் பூசி குங்குமம் வச்சு பூசணிக்கா ஒடச்சு சுவிச்ச போட்டேன். நாப்பத்தொண்ணுன்னு சொல்லிட்டுப் படுத்துக்கிச்சு. உப்புத்தண்ணி நாக்குல வெதுவெதுன்னு இருக்கு. அறுபத்திரெண்டு படகு நிக்குது, நாளன்னிக்குக் கடலுக்குப் போவணும். இந்தப் பொண்ணு மருவாதியா பதினேழு கடுதாசி போட்டுச்சு, நீ அதப் போயி மிஷினுன்னு சொல்லிட்ட. அது நேத்துலேர்ந்து சோறு திங்கல. பதில் சொல்ல வக்கில்லாதவன் எதுக்குப் பெட்டி செஞ்ச? இப்படிக்கு வேதையன். கேஸ் கசிவு இல்ல, நானே மோந்து பாத்துட்டேன்.'

"இத அப்படியே அனுப்பறதா?"

"ஒரு எழுத்துகூட மாத்தாத. மாத்தினா நான் வீட்டுக்குப் போயிருவேன்."

கடிதம் போனது. சல்லடை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். திருப்பி அனுப்பவும் இல்லை. மெஹருன்னிசா நகத்தைக் கடித்தாள். பதினோராவது நிமிஷம் திரை சிணுங்கியது.

திரையில் வந்தது ஒரு பெண். கறுத்த முகம், ஐம்பது வயதிருக்கும், தலையில் கம்பளித் தொப்பி. அவள் வாய் ஒன்றைச் சொல்ல, சத்தம் வேறாக வந்தது. வானொலிச் செய்தி வாசிப்பதுபோலச் சுத்தமான தமிழ்.

"வணக்கம் ஐயா. என் பெயர் செல்மா. நமீபியா நாட்டிலிருந்து அழைக்கிறேன். தங்களின் கடிதம் எனக்குக் கிடைத்தது. நான்கு மாதங்களில் நான் படித்த முதல் கடிதம் அதுதான்."

"மிஷின்," என்றார் வேதையன்.

"மாமா, பேச்ச மட்டும்தான் மிஷின் தமிழாக்குது. அவங்க ஆள்தான்."

"ஆளுன்னு நீ எப்படிச் சொல்ற? நேத்து திரையில வந்த ஃபிராடுகூட கோட்டு போட்டுக்கிட்டு மூஞ்சியக் காட்டினான். இது சொல்றதக் கேட்டு நான் எங்கயாவது கைய வச்சு, கேஸ் வெடிச்சா? எங்கேர்ந்து பேசுது?"

மெஹருன்னிசா கேட்டுச் சொன்னாள்: "ஐஸ் பிளாண்ட்லேர்ந்தாம். அவங்களும் துறைமுகத்துலதான் இருக்காங்களாம்."

"ஐஸ் பிளாண்டுன்னா சத்தம் எங்க? கெணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரில்ல இருக்கு."

"குரல மட்டும் விட்டுட்டு மத்த சத்தத்தை எல்லாம் வடிகட்டிரும்."

"அப்ப வடிகட்டறத நிறுத்தச் சொல்லு. தமிழும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்த எடத்துச் சத்தத்த நான் கேக்கணும்."

மெஹருன்னிசா தயங்கித் தயங்கி அதைச் சொன்னாள். செல்மா ஒரு கணம் விழித்தாள். பிறகு குனிந்து எதையோ அணைத்தாள்.

அறைக்குள் இரைச்சல் வந்து கொட்டியது. அமோனியா கம்ப்ரஸர் ஓடுகிற இரைச்சல். இங்கே இரண்டு மாதமாகக் கேட்காத சத்தம். வேதையன் கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் நின்ற அஞ்சப்பன்கூட வாயை மூடிக்கொண்டான்.

"நாலு பெல்ட் வண்டி," என்றார் வேதையன் கண்ணைத் திறக்காமலே. "பழைய மாடல். ஒரு பெல்ட் தொய்ஞ்சு போயி வழுக்குது. நடுவுல நடுவுல சீ சீன்னு ஒண்ணு வருது பாரு. இன்னிக்கே மாத்தச் சொல்லு. இல்லாட்டி அது அறுந்து மத்த மூணையும் இழுத்துக்கிட்டுப் போயிரும். பக்கத்துல ஆளு நிக்கக் கூடாதுன்னு சொல்லு."

மெஹருன்னிசா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் திக்கித் திணறிச் சொன்னாள். நடுவில் மிஷின் இல்லாமல் ஒரு வெளிநாட்டுக்காரியோடு அவள் பேசுவது அதுதான் முதல் தடவை. செல்மா திரும்பிப் பார்த்து யாரையோ கூப்பிட்டுக் கத்தினாள். அந்தப் பாஷை யாருக்கும் புரியவில்லை. ஆனால் அது திட்டு என்று எல்லோருக்கும் புரிந்தது.

"திட்டுறா," என்றார் வேதையன், கொஞ்சம் திருப்தியோடு. "சரி, என்ன வேணுமாம் கேளு."

"சந்தனம்னா என்னன்னு கேக்குறாங்க."

"சந்தனம் தெரியாதா? கட்டைய அரைச்சுக் குழைச்சு மிஷினுக்கு வைக்கிறது."

"எங்கெங்க வச்சீங்கன்னு கேக்குறாங்க."

"என்ன கேள்வி இது? வைக்க வேண்டிய எடத்துலதான். மோட்டாருக்கு, சக்கரத்துக்கு, தொட்டிக்கு, பெட்டிக்கு, பெட்டியோட நாலு மூக்குக்கும் நாலு பொட்டு..."

மெஹருன்னிசா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

கேஸ் கசிகிறதா என்று மோந்து பார்க்கிற நான்கு சின்ன வட்டங்கள், கம்பி வலை போட்டவை, கூடத்தின் நான்கு மூலையிலும் இருந்தன. வேலையாட்கள் அவற்றை மூக்கு என்பார்கள். ஐந்து வருஷமாக வேதையன் நான்கு மூக்குக்கும் தாராளமாகச் சந்தனம் அப்பித்தான் தடைக்காலத்துக்குப் பிறகு மிஷினைக் கிளப்பியிருக்கிறார்.

"அஞ்சு வருசமா ஓடிச்சே?" என்றார் வேதையன், குரல் சற்று இறங்கி.

செல்மா சொல்லச் சொல்ல மெஹருன்னிசா சொன்னாள்: "முன்னெல்லாம் பெட்டி, மூக்கு அடைச்சிருந்தா முணுமுணுத்துட்டு ஓடிருமாம். ஓடற அதிர்வுல சந்தனமும் காஞ்சு உதிர்ந்துரும். போன மாசம்தான் உள்ள ஓடற மென்பொருள மாத்தினாங்களாம், மூக்கு அடைச்சிருந்தா ஓடவே கூடாதுன்னு. மிஷின் ஓடாததால சந்தனமும் உதிரல. உதிராததால மிஷினும் ஓடல."

"அத வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே! நாப்பத்தொண்ணுன்னா எனக்கு என்ன தெரியும்?"

"அது அவங்க தப்புன்னு ஒத்துக்குறாங்க."

"அதுக்காக மூக்க ஏன் அவ்வளவு கெடுபிடி பண்ணணும்?"

இந்தக் கேள்வியைக் கேட்டதும் செல்மா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். பிறகு சொன்னதை மெஹருன்னிசா மெதுவாகச் சொன்னாள்.

"அவங்க அப்பாவும் ஐஸ் பிளாண்ட்ல வேல பாத்தவராம். மிஷினுக்கு மூக்கு இருந்துச்சு, அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. காசு இல்லைன்னு யாரும் மாத்தல. கேஸ் கசிஞ்சு அவருக்கு ரெண்டு கண்ணும் போச்சு. மூக்கு வாங்கக் காசு இல்லைன்னு எந்தப் பிளாண்ட்டும் சொல்லிறக் கூடாதுன்னுதான் இத சும்மா குடுக்குறாங்களாம்."

வேதையன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "கதை நல்லாத்தான் இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனார். வாளித் தண்ணீரில் துண்டை நனைத்து, ஏணி போட்டு ஏறி, சிமெண்ட் மாதிரி இறுகியிருந்த சந்தனத்தை ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்தார். வேறு யாரையும் ஏணியைத் தொட விடவில்லை. நான்காவது மூக்கு சுத்தமானதும் பெட்டி தானாகவே கீச்சென்றது. திரையில் பச்சை விளக்கு.

சுவிட்சைப் போட்டார்.

முதலில் ஒரு முனகல். பிறகு சக்கரம் நகர்ந்தது, பெல்ட்டுகள் இழுத்துக்கொண்டன, கூடமே அதிர்ந்தது. கூலியாட்கள் போட்ட சத்தத்தில் துறைமுகத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். அஞ்சப்பன் மெஹருன்னிசாவைப் பார்த்து, "பாப்பா, போய்ச் சாப்பிடு மொதல்ல!" என்று கத்தினான். திரையில் செல்மா இரண்டு கையையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்தக் கம்ப்ரஸர் நிறுத்தப்பட்டிருந்தது. யாரோ அதன் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

பதினைந்தாம் தேதி விடிகாலை அறுபத்திரண்டு படகும் வயிறு நிறைய ஐஸோடு கிளம்பின. ஐஸ் நொறுக்கும் மிஷின் முந்தின நள்ளிரவிலிருந்து ஓயவில்லை. காரைக்காலுக்கு ஒரு படகும் போகவில்லை. கரையில் நின்ற மரைக்காயர், மகளிடம் தொட்டிக்குப் புதுப் பலகை போட வேண்டும் என்றார். விற்கப் போகிற ஆள் பலகை மாற்ற மாட்டான் என்று வேதையன் கணக்குப் போட்டுக்கொண்டார்.

படகுகள் முதல் மீனோடு திரும்பிய அன்று மெஹருன்னிசா அவரை ஆபீஸுக்குக் கூப்பிட்டாள்.

"செல்மா எழுதியிருக்காங்க மாமா. என் கடிதத்துக்குப் பதில்."

"உன் கடுதாசியா? சல்லடை?"

"விட்ருச்சு!" அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "உங்கள மாதிரியே நாலு வார்த்தை திட்டி எழுதினேன். பிழை இருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன். உள்ள விட்ருச்சு மாமா."

"என்ன எழுதியிருக்கா?"

"பெட்டிக்குப் புது மென்பொருள் வந்திருச்சாம். மூக்கு அடைச்சா இனிமே நம்பர் சொல்லாது. 'மூக்கின் மேல் எதையாவது பூசினீர்களா, துடைத்துப் பாருங்கள்'னு முப்பது பாஷையில கேக்குமாம். ஒரே வாரத்துல ஒம்பது ஊர்ல இதே மாதிரி நின்ன மிஷின் ஓடியிருக்கு."

"என் பேரு போட்டாளா?"

"இல்ல மாமா. உங்க கடிதம் வெளிய தெரிஞ்சா, மறுநாளே எல்லா மிஷினும் உங்கள மாதிரித் திட்டக் கத்துக்கும். அப்புறம் நீங்க எழுதினாலும் சல்லடை விடாது. அதனால யாருக்கும் காட்டாம, காகிதத்துல அச்சடிச்சு மேஜை டிராயர்ல வச்சிருக்காங்க."

"பாத்தியா! பேரப் போடலல்ல? நான் சொன்னேன்."

மெஹருன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னொண்ணு. அந்த பெல்ட்டக் கழட்டிப் பாத்தாங்களாம். மத்த மூணுலயும் வெட்டு விழுந்திருந்துச்சாம். இன்னும் ஒரு நாள் ஓடியிருந்தா பக்கத்துல நின்ன ஆளு போயிருப்பான். இதுக்கு உங்களுக்கு என்ன தரணும்னு கேக்குறாங்க."

"என்னத்த தர்றது? காதுல விழுந்துச்சு, சொன்னேன். இதுக்குப் போயி எவனாவது கைய நீட்டுவானா?"

"அப்ப சும்மாவே சொன்னீங்க."

"பின்ன? ஆளு செத்துருவான்ல."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. மெஹருன்னிசா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வேற," என்றார் வேதையன்.

"எது மாமா வேற?"

"அது வேற, இது வேற. உனக்குப் புரியாது." எழுந்து துண்டை உதறினார். "இப்ப நல்லாத்தான் இருக்கும். பத்து வருசம் கழிச்சு கை வைப்பா பாரு, அப்ப சொல்லு."

கூடத்துக்குள் நடந்தார். கம்ப்ரஸர் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. போகிற போக்கில் பச்சைப் பெட்டியைத் தாண்டினார். இரண்டடி தாண்டியவர் திரும்பி வந்து, பக்கத்து மூலையில் ஏணியைச் சாய்த்து ஏறி, துண்டு முனையால் மூக்கில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். யாரும் பார்க்கவில்லையே என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அது வேற," என்று பெட்டியிடம் சொல்லிவிட்டு, உப்புத்தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கத் தொட்டிப் பக்கம் போனார்.